கல்லா மாறிப் பேசிய பேரம்

ஒரு வெளியாள் உங்கள் மகளைப் பார்த்து, "எங்களுக்கு நீ வேணும், வந்துடு" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன விலை போடுவீர்கள்? அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் கம்பளக் கடை வைத்திருக்கும் ரஃபீக் சமாஹா போட்ட விலை, வருஷத்துக்கு நாலாயிரம் டாலர்.

அநியாய விலை என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆறில் ஆரம்பித்திருந்தால் நாலில் வந்து நின்றிருக்கலாமே என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம்.

போன வாரக் கதையில் ஜுமானாவைப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் வாசலில், கையில் ஒரு பெயர் அட்டையோடு விட்டுவிட்டு வந்தோம். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். ஜுமானா, ரஃபீக்கின் ஒரே மகள். பதினேழு வயது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் பந்தை முன்னால் நடத்திக்கொண்டு போகிறவள் அவள்தான். பெரிய பல்கலைக்கழகங்கள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்கிற உயரம் அவளிடம் இல்லை. ஜனவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை, மிச்சிகனிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். கேரல் ஹால்வர்சன், பெல்மோர் என்ற சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர். அடுத்த வாரமும் வந்தார்.

பெல்மோர் மாதிரிக் கல்லூரிகளில் பந்து விளையாடுவதற்கென்று ஒரு காசு கொடுக்க மாட்டார்கள். கொடுக்கக் கூடாது என்பது விதி. மார்க்குக்குக் கொஞ்சம் கழிவு, வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொஞ்சம் கழிவு, மிச்சம் அப்பன் பையிலிருந்து. பயிற்சியாளரால் கொடுக்க முடிவது அணியில் ஓர் இடம், அவ்வளவுதான். அதை ஹால்வர்சன் கொடுத்தார். "முதல் வருஷமே உன்னை ஆட விடுவேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். பிப்ரவரியில் குடும்பமாகப் போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

இப்போது ஏப்ரல் கடைசி. இன்று மதியம் பள்ளியில் கையெழுத்து விழா. பெரிய பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் அங்கே போடுவது ஒப்பந்தக் கையெழுத்து. பெல்மோர் மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் போடுவது வெறும் கையெழுத்து. அந்தக் காகிதம் யாரையும் எதற்கும் கட்டாது. இருந்தாலும் அவர்களுக்கும் நீள மேஜை உண்டு, கேக் உண்டு, தலையில் வைத்துக்கொள்ளக் கல்லூரித் தொப்பி உண்டு, நாற்காலிக்குப் பின்னால் அம்மா அப்பா நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படம் உண்டு. ஜுமானா பெயர் ஜனவரியிலேயே பட்டியலில் ஏறிவிட்டது.

காலையில் அம்மா சல்வா டயாலிசிஸ் மையத்து வேலைக்கு இருட்டோடு போயிருந்தாள். சமையலறையில் அப்பாவும் மகளும்தான். ரஃபீக் ரொட்டியில் தயிர்க்கட்டியைத் தடவி, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜுமானா சாப்பிடவில்லை. தொப்பியை மேஜை மேல் வைத்து அதன் விளிம்பை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"பாபா, இன்னைக்கு ரெண்டு மணிக்கு."

"தெரியும். சட்டை இஸ்திரி போட்டாச்சு."

"கோச் கிட்டேருந்து ஒண்ணுமே வரல."

"வரும்."

"பத்து வாரம் ஆச்சு பாபா."

"கடை சாத்துற நேரத்துலதான் விலை படியும். நீ சாப்பிடு."

"நானே ஒரு மெசேஜ் போட்டுப் பாக்கட்டா?"

ரஃபீக் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அத மட்டும் செஞ்சிடாத. இத்தனை நாள் பொறுத்துட்டு இன்னைக்குப் போய்க் கெடுத்துக்காத. முதல்ல யாரு வாயத் திறக்கறாங்களோ அவங்கதான் இறங்கி வரணும். அவங்களே கூப்பிடுவாங்க. நான் அந்த மாதிரி வச்சிட்டு வந்திருக்கேன்."

ஜுமானாவின் கை தொப்பியில் நின்றது.

"என்ன வச்சிட்டு வந்தீங்க?"

அவர் சொன்னார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல வேலையைச் செய்தவர் சொல்லுகிற மாதிரி, ருசித்துச் சொன்னார்.

பிப்ரவரியில் சல்வாவும் ஜுமானாவும் கல்லூரிக் கடையில் தொப்பி வாங்கப் போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ரஃபீக் ஹால்வர்சனின் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கல்லூரியின் கட்டணத் தாளை அவர் முன்பே படித்திருந்தார். படித்ததும் அந்தக் கல்லூரி மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. ஐம்பத்தாறாயிரம் என்று சீட்டு மாட்டுவது, பிறகு முப்பத்தேழாயிரத்தைத் தானே அடித்துவிட்டு, உங்களுக்காக என்று பத்தொன்பதில் கொடுப்பது. கம்பளத் தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? நம்ம ஆளுங்கதான் என்று நினைத்துக்கொண்டார். அப்படியானால் பத்தொன்பதும் கடைசி விலை இல்லை.

"இன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார்.

"பணம் என் கையில இல்ல, மிஸ்டர் சமாஹா. எதிர்க் கட்டடத்துல கட்டண உதவி ஆபீஸ் இருக்கு. அங்க ஒரு மனு குடுத்தா திரும்பப் பாப்பாங்க. அதுல நான் தலையிடவே கூடாது" என்றார் ஹால்வர்சன்.

ரஃபீக் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். முதலாளி ஊரில் இல்லை, கூட்டாளியைக் கேட்க வேண்டும், விலை என் கையில் இல்லை. இதே வாக்கியத்தை அவர் தன் கடையில் முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். அந்தக் கடைக்கு அவரை விட்டால் வேறு முதலாளி இல்லை. ஆகவே அடுத்த காயை நகர்த்தினார். இன்னொரு கல்லூரி நாலாயிரம் குறைத்துக் கேட்கிறது என்றார். பெண்ணுக்கு அங்கே போகத்தான் மனசு என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார். நிதானமாகக் கதவு வரை நடந்தார், மாடிப்படி வரை நடந்தார், காரில் ஏறிக் கதவைச் சாத்துகிறவரை முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும் என்று காதை வைத்துக்கொண்டே நடந்தார்.

"கூப்பிடலையா?" என்று கேட்டாள் ஜுமானா.

"கூப்பிடல. கெட்டிக்காரி. அன்னைக்கே கூப்பிட்டா விலை போயிடும்ல."

"எந்தக் காலேஜ்?"

"பேரு சொல்லல. பேரு சொன்னா போன் போட்டு விசாரிப்பாங்க."

"அது இல்ல பாபா. எந்தக் காலேஜ்? என்னை வேற யாருமே கேக்கலையே."

"அது அந்தம்மாவுக்குத் தெரியாதில்ல" என்றார் ரஃபீக், கண்ணைச் சிமிட்டி.

ஜுமானா தன் தொலைபேசியை எடுத்து, பிப்ரவரியில் வந்த அந்த ஒரு செய்தியைத் திறந்தாள். 'நீ எங்கே போனாலும் நன்றாக வருவாய். என் வாழ்த்துகள்.' அதை அவள் தினமும் படித்திருக்கிறாள். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் இது என்று எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போய்வந்த அந்த வாரத்து ஆட்டத்தில் அவள் எறிந்ததெல்லாம் வெளியே விழுந்திருந்தது. ஹால்வர்சன் அந்த ஒளிப்பதிவைப் பார்த்திருப்பார், அதனால்தான் இந்தச் செய்தி என்று அவளாக முடிவுசெய்துகொண்டாள்.

"என் ஷாட் சரியில்லன்னு நினைச்சேன்" என்றாள். "கைய மாத்திட்டேன் பாபா. பத்து வாரமா முழங்கைய உள்ள வச்சுப் போட்டுப் பழகறேன். இப்ப பழைய மாதிரியும் வரல, புதுசும் வரல."

"நல்லாத்தானே போட்டுட்டு இருந்த. யாரு மாத்தச் சொன்னா?"

ஜுமானா எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் ரஃபீக்குக்குச் சமாளிக்கத் தெரியும்.

*

பள்ளியில் முதல் மணி அடித்த பிறகும் ஜுமானா உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தாள். பருவம் முடிந்துவிட்டதால் அங்கே யாரும் வருவதில்லை. பெட்டிகளின் கதவுகள் திறந்து கிடந்தன. அணியில் இருந்த மற்ற பெண்கள் இப்போது ஓட்டத்திலும் மென்பந்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு இன்றைக்கு அவள் கையெழுத்துப் போடப்போகிறாள் என்பது மட்டும்தான் தெரியும். நேற்றுகூட ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து, "உனக்கென்ன, செட்டில் ஆயிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் இப்போது போய் என்ன சொல்வது?

அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்கள் கூவின.

"சொல்லுடா. ரெண்டு நிமிஷம்தான், ஒருத்தருக்கு ஊசி எடுக்கணும்."

ஜுமானா சொன்னாள். சல்வா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ அழறியா?"

"இல்ல."

"சரி. உங்கப்பாவ நான் பாத்துக்கறேன். நீ அந்தம்மாவக் கூப்பிடு. இப்பவே."

"என்னன்னு சொல்றது?"

"உண்மையத்தான். அதுக்கு விலை பேச வேண்டாமில்ல." அம்மா ஏதோ சொல்ல வந்தாள், யாரோ அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், தொடர்பு போய்விட்டது.

ஜுமானா எண்ணை அழுத்துவதற்குள் முதல் வகுப்பே முடிந்துவிட்டது. என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அழித்து, மறுபடி சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அழுத்தியபோது அந்தப் பக்கம் மணி அடிக்கவில்லை. வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், குரலைப் பதிவுசெய்யுங்கள் என்றது.

"கோச், நான் ஜுமானா சமாஹா. டொலீடோ." அவர் மறந்திருப்பாரோ என்று ஊரையும் சேர்த்துக்கொண்டாள். "வேற காலேஜ்னு எங்கப்பா சொன்னாரு. அப்படி ஒண்ணு இல்ல. இருந்ததே இல்ல. நீங்க மட்டும்தான் கேட்டீங்க. நான் அப்பவே உங்களுக்கு எழுதியிருக்கணும். எழுதல. அவ்வளவுதான் சொல்லணும்."

இவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டதே என்று இருந்தது. பத்து வாரம் இதற்குத்தானா?

பிறகு விளையாட்டுத் துறைத் தலைவர் புரூயிட் அறைக்குப் போனாள். அவர் கேக் மேல் எழுதியிருந்த பெயர்களைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

"ஏன்? பெல்மோர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"அங்க எனக்கு இடம் இருக்கான்னே தெரியல."

புரூயிட் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நல்ல மனுஷன். "இங்க பாரு, அந்தக் காகிதம் சும்மா. நானே பிரிண்ட் போட்டது. உட்காரு, ஒரு போட்டோ எடுத்துக்கோ, கேக் சாப்பிடு. அப்புறம் என்ன ஆனா என்ன, யார் வந்து கேக்கப்போறாங்க?"

"நான் கேப்பேன் சார்."

"கேக்ல பேரு எழுதிட்டாங்களேம்மா."

"அந்தத் துண்டை நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

ரஃபீக்கின் கடையில் அந்த நேரம் ஒரு கணவனும் மனைவியும் சிவப்பு நிறத் தப்ரீஸ் கம்பளம் ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அதைத் தடவிப் பார்த்ததை ரஃபீக் கவனித்திருந்தார். இனி விற்ற மாதிரிதான்.

"ஆயிரத்து எண்ணூறு" என்றான் கணவன்.

"ரெண்டாயிரத்து நூறு. அதுக்குக் கீழ என் கையில இல்ல, கூட்டாளியக் கேக்கணும்."

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே போனார்கள். ரஃபீக் திரும்பிப் பார்க்காமல் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார், மெதுவாக. பாதி சுருட்டுவதற்குள் கதவு மணி ஒலித்தது. இரண்டாயிரத்து நூறுக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு அவர்கள் போனதும், பார்த்தாயா என்று சொல்ல அவர் யாரையோ தேடினார். கடையில் யாரும் இல்லை.

சல்வா கூப்பிட்டாள்.

"ரஃபீக், நீ யாரு?"

"என்ன கேள்வி இது?"

"அவளுக்கு அப்பாவா, தரகனா? அதச் சொல்லு முதல்ல."

"சல்வா, வருஷத்துக்கு நாலாயிரம். நாலு வருஷம். கூட்டிப் பாரு."

"கூட்டிட்டேன். அந்தம்மா எதிர் பில்டிங்ல மனு குடுன்னு சொன்னாங்களாமே. நீ போய்க் குடுத்தியா?"

"அது சும்மா சொல்றதுடி. எல்லாரும் சொல்றதுதான். நான் சொல்லலையா?"

"நீ சொல்றது பொய். அதனால அவங்க சொல்றதும் பொய்யா?" அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "அவ உடை மாத்துற ரூம்ல தனியா உக்காந்து எனக்குப் போன் பண்றா. நான் அஞ்சு பேருக்கு ரத்தம் ஓடிட்டு இருக்கறப்ப நின்னு பேசறேன். அவளுக்குப் பேச வேற ஆள் இல்ல ரஃபீக். அந்த ஒரு கோச்தான் இருந்தாங்க. அவங்களையும் நீ வாசல்ல நிறுத்திட்டு வந்துட்ட."

அவள் வைத்துவிட்டாள். ரஃபீக் கடைப் பலகையைத் திருப்பி 'மூடியிருக்கிறது' என்று மாட்டினார். பட்டப்பகலில் அதை அவர் இதற்கு முன் மாட்டியதாக யாருக்கும் நினைவில்லை. பிறகு ஹால்வர்சனைக் கூப்பிட்டார். அது ஜுமானா அதே எண்ணை அழுத்துவதற்குச் சில நிமிஷம் முன்னால்.

"கோச், நான் சமாஹா. அந்த நாலாயிரத்தை விட்டுடலாம்" என்றார் எடுத்த எடுப்பில். விட்டுக்கொடுக்கிறபோதுகூட அவருக்கு அப்படித்தான் பேச வந்தது. "நீங்க சொன்ன பத்தொன்பதுக்கே ஒத்துக்கறேன்."

"மிஸ்டர் சமாஹா, அந்தப் பத்தொன்பது நான் சொன்னது இல்ல. எங்கிட்ட விக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு இடம் இருந்தது. அது வேண்டாம்னு சொல்லிட்டுப் போனீங்க."

"வேண்டாம்னு சொல்லல. யோசிச்சுச் சொல்றோம்னேன்."

"அவளுக்கு வேற இடத்துலதான் மனசுன்னு சொன்னீங்க. அப்படிச் சொன்ன பெண்ணை நான் தொந்தரவு பண்றதில்ல. மார்ச்ல வேற ரெண்டு பேருக்குச் சரின்னு சொல்லிட்டேன். அவ ஆடற அதே இடத்துக்கு."

"அப்போ இடம் போயிடுச்சா?"

"காலேஜ்ல இடம் இருக்கு. மே ஒண்ணுக்குள்ள முன்பணம் கட்டலாம். அணியிலயும் நான் யாரையும் வராதேன்னு சொல்லமாட்டேன், வந்து பயிற்சி பண்ணலாம். ஆனா ஜனவரில சொன்னத இப்ப சொல்ல முடியாது. அவ ஆடுவாளான்னு எனக்குத் தெரியாது. பதினெட்டுப் பேர்ல கடைசியா ஆரம்பிக்கணும்."

"அதை முன்னால கொண்டுவர என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு ரஃபீக்குக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஹால்வர்சன் கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். "ஒண்ணும் ஆகாது. பணமே இல்லாத இடம் இது. இத்தனை நாள் அவ ஒரு வரி எழுதுவாளான்னு பாத்துட்டு இருந்தேன். நீங்க இல்ல, அவ. நீங்க கூப்பிட்டது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மனு விஷயம், அதுக்குத் தேதி இந்த மாசம் பாதியோட முடிஞ்சது. கேப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

ரஃபீக் கேட்பதாக இல்லை. ஆனால் நன்றி சொன்னார்.

*

ரெண்டு மணிக்கு ஜுமானா விளையாட்டுக் கூடத்தின் பார்வையாளர் படிகளில், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். போய்விடத்தான் நினைத்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை.

கீழே நீள மேஜை. நீலத் துணி. ஐந்து நாற்காலிகள், நாலில் பிள்ளைகள். புரூயிட் அவள் பெயர் அட்டையை எடுக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் மனசு மாறி வருவாள் என்று நம்பியிருப்பார். நாலு பிள்ளைகளுக்குப் பின்னால் நாலு குடும்பங்கள் நின்றன. ஒரு பையனின் அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். தன் நாற்காலியை மேலேயிருந்து பார்ப்பது விநோதமாக இருந்தது. இறந்துபோனவர்களுக்கு இப்படித்தான் தெரியுமோ என்று ஒரு நொடி நினைத்து, அந்த நினைப்புக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

அப்போது கதவு திறந்து ரஃபீக் வந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் பேரீச்சம்பழமும் பிஸ்தாவும் அடைத்த மாமூல் எனும் அரபு இனிப்புப் பெட்டி, தங்க நாடா கட்டியது. விழா தொடங்கிவிட்டது என்பதைப் பார்த்து வேகமாக நடந்தார். மேஜையில் மகளின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். நாற்காலி காலியாக இருந்ததைக் கண்டும் தயங்கவில்லை. இதோ வந்துவிடுவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. மற்றப் பெற்றோர் நிற்கிற வரிசையில், ஜுமானாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

புரூயிட் அவர் காதில் ஏதோ சொன்னார். ரஃபீக் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

பேர் பேராகக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். ஐந்தாவது பெயரை புரூயிட் படிக்காமல் தாண்டிப் போனார். கடைசியில் படம் எடுக்கிற பெண் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிவிட்டு, "சார், உங்க பிள்ளை எங்க?" என்றாள்.

"வருவா" என்றார் ரஃபீக்.

"எடுத்துடலாமா, காத்திருக்கணுமா?"

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. ரஃபீக் சமாஹா எந்தச் சபையிலும் வார்த்தைக்குத் தடுமாறியவர் இல்லை.

"எடுத்துடுங்க" என்றார். "என் தப்புதான்."

படம் எடுத்தார்கள். பள்ளி ஆண்டு மலரில் அது வரும்: நாலு தொப்பிகள், நாலு குடும்பங்கள், ஓரத்தில் ஒரு காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன். மேலே ஜுமானா தொப்பியைப் பைக்குள் அழுத்தி வைத்துவிட்டு, படிகளில் இறங்கினாள்.

*

வாகன நிறுத்தத்தில் கடை வேன் நின்றது. பின்னால் கம்பளச் சுருள்களின் கம்பளி வாசனை. இருவரும் முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். ரஃபீக் பெட்டியைத் திறந்து நீட்டினார். ஜுமானா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவரும் எடுக்கவில்லை.

"பேசினேன்" என்றார். "அந்தம்மாகிட்ட."

"தெரியும். எனக்கு மெசேஜ் வந்திருக்கு. என் வாய்ஸ் மெயிலைக் கேட்டாங்களாம். மூணு மணிக்குக் கூப்பிடறாங்க."

"என்ன சொன்னாங்கன்னா..."

"சொல்லாதீங்க பாபா. அவங்களே சொல்லட்டும்."

ரஃபீக் இனிப்புப் பெட்டியை மூடி நாடாவைக் கட்டினார். முடிச்சைப் போட்டுவிட்டு, "நான் உனக்காகத்தான்" என்று ஆரம்பித்தார்.

"அதுவும் தெரியும்." அவள் அவரைப் பார்க்காமல் பேசினாள். "நீங்க கம்பளத்துக்குத்தானே விலை பேசுவீங்க. அது பேசாது. நான் சும்மா இருந்தேன்ல, அதனால நானும் அப்படின்னு நினைச்சிட்டீங்க."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, இந்தப் பத்து வாரத்துல."

"யாரை?"

ரஃபீக் பெட்டியை இருவருக்கும் நடுவே வைத்தார்.

தொலைபேசி அதிர்ந்தது. திரையில் ஹால்வர்சன் பெயர். ஜுமானா எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"பாபா, கொஞ்சம் இறங்குங்க."

"நான் பேசமாட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்."

"இறங்குங்க பாபா."

அவர் இறங்கினார். கதவைச் சாத்தியதும் அவள் தொலைபேசியைக் காதில் வைப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ரஃபீக் முப்பது வருஷமாக முகங்களைப் படித்தே பிழைத்தவர். புருவம் எந்தப் பக்கம் ஏறினால் எவ்வளவு குறைக்கலாம் என்று அவருக்குத் தெரியும். மகளின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் ஒருமுறை தலையசைத்தாள். அது சரி என்பதா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா? பிறகு அவள் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வேலை முடிந்து போகிற ஆசிரியர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார். ரஃபீக் நன்றி என்றார்.

ஏரியிலிருந்து வந்த காற்று சட்டைக்குள் புகுந்தது. கோட்டு வேனுக்குள் இருந்தது. கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடை சாத்துகிற நேரத்தில் எப்போதும் செய்வதைச் செய்தார். அன்றைய கணக்கை மனசில் போட்டார்.

வரவு, தப்ரீஸ் கம்பளம் ஒன்று. செலவு, இனிப்புப் பெட்டி ஒன்று, யாரும் தொடாதது. பாக்கி, ஜனவரியில் ஹால்வர்சன் கொடுத்து அவர் கைதவறவிட்ட இடம் ஒன்று. கொடுக்க வேண்டியவர் ரஃபீக் சமாஹா. பெற வேண்டியவர் ஜுமானா சமாஹா. தவணை குறிக்கவில்லை.